திருப்தியான்னு கேட்டா திருப்தின்னுதான் பதில் வரும்: தொலைமருத்துவத்தை எப்படி அளப்பது?

2020 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் செய்திக்குறிப்பு ஒன்றில் எங்கள் மாவட்டத்தின் பெயர் இருந்தது. இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவையை நாட்டிலேயே அதிகம் பயன்படுத்திய மாவட்டம் விழுப்புரம். 16,000-க்கும் மேற்பட்ட ஆலோசனைகள். அடுத்த இடம் மதுரைக்கு. மாநிலங்களின் வரிசையிலும் தமிழ்நாடுதான் முதலில் இருந்தது. வீட்டில் இருந்தபடியே டாக்டரிடம் பேசும் வசதி அந்த ஏப்ரலில்தான் தொடங்கியிருந்தது, அதனால் இது சாதாரண எண்ணிக்கை இல்லை.

எனக்கு அதைப் படித்தவுடன் வந்த சந்தேகம் வேறு. இது அழைப்புகளின் எண்ணிக்கை. ஒரே ஆள் மூன்று தடவை கூப்பிட்டிருந்தால் மூன்று. அப்படிக் கூப்பிட்டவங்களுக்கு வேலை ஆச்சா? திரும்பவும் கூப்பிடுவாங்களா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? "நோயாளி திருப்தி" என்று ஒரு தனி ஆய்வுத்துறையே இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சனி ஞாயிறுகளில் ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுப்பது வழக்கம். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். உதாரணத்துக்கு எனக்குத் தெரிந்த மரக்காணம் உப்பளப் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன்.

தொலைமருத்துவம் ஒன்றல்ல, இரண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இ-சஞ்சீவனியிலேயே இரண்டு வகை உண்டு. 2019-இல் முதலில் வந்தது டாக்டருக்கும் சுகாதார நிலையத்துக்கும் இடையிலானது. நோயாளி துணை சுகாதார நிலையத்துக்குப் போவார், அங்கே இருக்கும் செவிலியரோ சுகாதார அலுவலரோ பிரஷர் பார்த்து, விவரம் கேட்டு, திரையில் இன்னொரு ஊரில் இருக்கும் டாக்டரோடு பேசுவார். இரண்டாவது, 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் வந்தது. வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் எண்ணைப் பதிந்து, ஓடிபி போட்டு, டோக்கன் வாங்கி, வரிசையில் காத்திருந்து, டாக்டரிடம் நேரடியாகப் பேசுவது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் அளக்கும்போது வேறுவேறு. முதல் வகையில் பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்து கையைப் பிடித்து பிரஷர் பார்க்கிறார். நோயாளி "நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் அந்தப் பாராட்டில் பாதி அந்தச் செவிலியருக்கு. இரண்டாவது வகையில் அந்தக் கை இல்லை. ரெண்டையும் சேர்த்து ஒரே சதவீதமாகப் போட்டால் அது எதைப் பற்றிய சதவீதம் என்றே தெரியாது.

மூன்றாவதாக ஒரு மாதிரியும் தமிழ்நாட்டில் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதித்துப் பதிவு செய்ய, தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுகிறார். கண்ணாடி தேவையென்றால் அதற்கான ஏற்பாடும் அந்த மையத்திலேயே நடக்கிறது. ஆலோசனையும் அதன் பலனும் ஒரே கூரையின் கீழ். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பந்தியில் கேட்கும் கேள்வி

திருப்தியை அளக்க என்ன செய்வோம்? கேள்வித்தாள் கொடுப்போம். "மருத்துவரின் ஆலோசனை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா?" என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வோம். இந்த ஐந்து படி முறைக்கு வயது தொண்ணூறுக்கு மேல். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932-இல் அறிமுகப்படுத்தியது. தொலைமருத்துவத்துக்கென்றே தனிக் கேள்வித்தாள்களும் வந்துவிட்டன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016-இல் வெளியான ஒன்றில் 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படிகள். உப்புப் பாத்தியிலிருந்து கரையேறி வந்த அம்மாவிடம் "ஓரளவு உடன்படுகிறேனா, பெரிதும் உடன்படுகிறேனா" என்று கேட்டுப் பாருங்கள். நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பாங்க.

படிகளைவிடப் பெரிய சிக்கல் அந்தச் சொல். தமிழில் "திருப்தியா?" என்ற கேள்வி எங்கே புழங்குகிறது? கல்யாணப் பந்தியில். "திருப்தியா சாப்பிட்டீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும், பாயசம் நம்ம இலை வரைக்கும் வராவிட்டாலும், "ரொம்பத் திருப்திங்க" என்றுதான் சொல்வோம். அங்கே யாரும் தகவல் கேட்கவில்லை, மரியாதை பரிமாறிக்கொள்கிறார்கள். அதே சொல்லை எடுத்து மருத்துவச் சேவையை அளக்கப் போனால் அதே மரியாதைதான் பதிலாக வரும். இலவசமாகப் பார்க்கிற டாக்டர், படித்தவர், "என்னம்மா செய்யுது?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு யார் மார்க் குறைப்பார்கள்?

இது நம்ம ஊருக்கு மட்டும் உரியது இல்லை. 2000-இல் மைர், விட்டன் என்ற இருவர் அதுவரை வந்த தொலைமருத்துவத் திருப்தி ஆய்வுகளைத் தேடி எடுத்து, 32 ஆய்வுகளை ஒப்பிட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். எல்லாவற்றிலும் நோயாளிகள் திருப்தி. ஆனால் சிறிய எண்ணிக்கை, பலவீனமான ஆய்வு வடிவம், திருப்தி என்றால் என்ன என்று சரியாக வரையறுக்காதது என்று குறைகளை அடுக்கி, இதை வைத்துப் பொதுவாக எதையும் சொல்ல முடியாது என்றார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் தொலைக் கண் மருத்துவம் பற்றி சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதிலும் பெரும்பாலானோர் நேரில் பார்ப்பதற்குச் சமம், அல்லது அதைவிட மேல் என்றே சொல்லியிருந்தார்கள். அந்தச் சேவை உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். பிரச்சினை என்னவென்றால், சேவை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கருவி ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். அளவுகோலின் உச்சியிலேயே எல்லோரும் போய் நின்றுகொள்வதால், நல்லதையும் மிக நல்லதையும் பிரிக்க வழியில்லை. புள்ளியியலில் இதற்குப் பெயரே உண்டு. நான் அதைக் கூரை முட்டுதல் என்று சொல்வேன்.

ஏன் இப்படி என்பதற்கு மரியாதையைத் தாண்டி இன்னொரு காரணத்தை 1998-இல் பிரிட்டனில் வில்லியம்ஸ், காயில், ஹீலி என்ற மூவர் சொன்னார்கள். மனநலச் சேவையைப் பயன்படுத்தியவர்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்தபோது, மோசமான அனுபவத்தைச் சொன்னவர்கள்கூடக் கடைசியில் நல்ல மதிப்பெண்ணே கொடுத்தார்கள். காரணம், மனசுக்குள் அவர்கள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். ஒன்று, இதைச் செய்வது அவர்கள் கடமையா? இரண்டு, செய்யாமல் போனது அவர்கள் தப்பா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தால், கெட்ட அனுபவம் கெட்ட மதிப்பெண்ணாக மாறுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு மரக்காணத்தில் ஒரு அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர், உப்பு வாருகிற வேலை. மகனுடைய போனில் ஒரு டாக்டரிடம் பேசியிருக்கிறார்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா பேசினாங்க தம்பி. குறை சொல்லக்கூடாது."

"மாத்திரை வாங்கினீங்களா?"

"சீட்டு போன்ல வந்துச்சாம். அதை எடுத்துக்கிட்டு எங்க போறது? கடையில கேட்டா அந்த மாத்திரை இல்லைன்னுட்டான். அதுக்கு அந்த டாக்டரம்மா என்ன பண்ணுவாங்க, பாவம்."

வில்லியம்ஸ் குழு சொன்ன இரண்டு கேள்விகளும் அந்தக் கடைசி வரியில் இருக்கின்றன. மாத்திரை கிடைக்காதது டாக்டரின் தப்பு இல்லை, ஆகவே திருப்தி. ஐந்துக்கு ஐந்து. ஆனால் அந்த அக்காவுக்கு வைத்தியம் நடக்கவில்லை.

கணக்கிலேயே வராதவர்கள்

இந்த இடத்தில் என் தொழில் கொஞ்சம் உதவுகிறது. எந்தச் செயலியிலும் "மதிப்பிடுங்கள்" என்ற திரை கடைசியில்தான் வரும். அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். சிக்னல் இல்லாமல் விட்டவர், ஓடிபி வருவதற்குள் மகன் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டதால் விட்டவர், வரிசையில் காத்திருந்து பொறுமை இழந்து அணைத்தவர், இவர்கள் யாரும் அந்தத் திரையைப் பார்ப்பதே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 பேர் முயற்சி செய்கிறார்கள். 60 பேருக்கு இணைப்பு கிடைக்கிறது. 40 பேர் பேசி முடிக்கிறார்கள். அதில் 20 பேர் மதிப்பெண் போடுகிறார்கள். 18 பேர் "நன்று". அறிக்கையில் என்ன வரும்? "90% பேர் திருப்தி." முயற்சி செய்த நூறு பேரை வைத்துப் பார்த்தால், நன்று என்று சொன்னது நமக்குத் தெரிந்தவர்கள் 18 பேர் மட்டும். மீதி 82 பேரில் 80 பேரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்த 90 சதவீதமும் 20 பேரை வைத்து வந்தது. அந்த 20 பேர் பொறுக்கி எடுக்காமல் வந்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், உண்மை அளவு ஏறத்தாழ 70-க்கும் 97-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே சதவீதத்தைப் பார்த்தவுடன் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பேரில்?" என்பதுதான்.

இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பதில் சொல்லாதவர்கள் எல்லாத் தரப்பிலும் சமமாக இருப்பதில்லை. மரக்காணம் பக்கம் உப்பு வேலை பெரும்பாலும் கோடைக்காலத்தை ஒட்டியது. வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் மூழ்கும், வேலை நிற்கும். வேலை நடக்கும் மாதங்களில், வெயில் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு ஒருவர் போன் பண்ணி "இரண்டு நிமிடம் பேசலாமா?" என்றால் யார் எடுப்பார்? வீட்டில் இருப்பவர், படித்தவர், சொந்தப் போன் வைத்திருப்பவர். சேவை யாருக்காக வந்ததோ அவரைத் தவிர மற்றவர்கள்.

திருப்தி வேறு, சிகிச்சை வேறு

சரி, எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், எல்லோரையும் கேட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம். திருப்தியான நோயாளிக்கு நல்ல வைத்தியம் நடந்ததா?

நம் கிராமங்களில் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. போனில் ஊசி போட முடியாது. வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் மருந்துகளைப் பட்டியல்களாகப் பிரிக்கின்றன. சாதாரண மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். வேறு சிலவற்றை முதல் ஆலோசனையில் வீடியோவில் பார்த்தால்தான் எழுதலாம். இன்னும் சிலவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்குத் தொடர்ச்சியாக மட்டுமே தரலாம். போதை சார்ந்தவை அறவே கூடாது. இதை ஒழுங்காகப் பின்பற்றி "இதுக்கு நேர்ல வாங்கம்மா, போன்ல எழுத முடியாது" என்று சொல்லும் டாக்டருக்கு மதிப்பெண் குறையும். கேட்டதை எழுதிக் கொடுப்பவருக்குக் கூடும்.

அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2012-இல் ஃபென்டன் குழு வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். அதிகத் திருப்தி அடைந்த பிரிவினருக்கு மருத்துவச் செலவும் அதிகம், இறப்பு அபாயமும் 26% அதிகம். திருப்தியால் செத்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, இது ஒரு தொடர்பு மட்டும்தான். ஆனால் திருப்தி எண்ணைத் தரத்துக்குப் பதிலாக வைக்க முடியாது என்று காட்ட இது போதும்.

உப்பளத்துக்கு வந்தால் இது வெறும் புள்ளியியல் விஷயமாக நிற்பதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் வேலை செய்கிறார்கள். சுமார் 7% பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வெயில், உடம்பில் தண்ணீர் வற்றுவது, திரும்பத் திரும்ப வருஷக்கணக்கில். பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீரக நோயின் குணம் என்னவென்றால், பாதிக்குமேல் கெட்டுப்போகும் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அசதி, கால் வலி, கொஞ்சம் வீக்கம். போனில் இதைச் சொன்னால் அசதிக்கு ஒரு மாத்திரை கிடைக்கும், அன்பான பேச்சும் கிடைக்கும். ஆனால் உண்மையைச் சொல்லப்போவது ரத்தத்தில் கிரியாட்டினின் சோதனை. அதை எந்தத் திரையிலும் பார்க்க முடியாது.

இப்படிப் போனில் பேசிவிட்டு "நல்லா பேசினாங்க" என்று ஐந்து நட்சத்திரம் போட்ட ஒருவரின் சிறுநீரகம் அடுத்த நான்கு வருஷத்தில் செயலிழந்தால், நம் தரவுத்தளத்தில் அவர் எப்போதும் திருப்தியான நோயாளியாகவே இருப்பார். இந்த விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். 95% திருப்தி என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, "போனிலேயே நன்றாக நடக்கிறதே, அங்கே எதற்கு ஒரு ஆய்வகம், எதற்கு இன்னொரு செவிலியர்?" என்று கேட்க முடியும். தப்பான அளவீடு சும்மா தப்பாக இருந்துவிட்டுப் போகாது. அதை வைத்து யாராவது முடிவெடுப்பார்கள்.

குறை சொல்வது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம்

2002-இல் அமர்த்திய சென் எழுதிய ஒரு சிறு கட்டுரை இங்கே பொருந்தும். இந்திய மாநிலங்களில் ஆயுள் அதிகம் உள்ளது கேரளம். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று அதிகம் பேர் சொல்வதும் கேரளம். ஆயுள் மிகக் குறைவாக இருந்த பீகாரில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு. பீகார்காரர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று இதற்குப் பொருளா? இல்லை. படிப்பும் மருத்துவ வசதியும் இருக்கும் இடத்தில்தான் எது நோய், எதைக் கேட்கலாம் என்று மக்களுக்குத் தெரிகிறது.

திருப்தியும் அப்படித்தான். எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால் திருப்தி அதிகம். ஒரு டாக்டரைப் பார்க்க முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறித் திண்டிவனமோ புதுச்சேரியோ போய், ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று, இரண்டு நிமிஷம் பேசித் திரும்பிய பழக்கம் உள்ளவருக்குப் போனில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் அது சொர்க்கம். சென்னையில் இருப்பவருக்கு அதே ஐந்து நிமிஷம் அவமானம். ஆகவே ஒரு சேவையின் திருப்தி எண் வருஷாவருஷம் கொஞ்சம் குறைந்தால் உடனே பதற வேண்டாம். மக்கள் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அப்போ எப்படித்தான் அளப்பது?

உப்பளத்தில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. பாத்தியில் நிற்கும் நீரின் அடர்த்தியை போமே என்ற அளவில், டிகிரி கணக்கில் பார்ப்பார்கள். கடல் நீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொட்டால் உப்பு கட்டத் தொடங்கும். 29, 30-ஐ நெருங்கினால் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அந்தக் கருவி ஏன் வேலை செய்கிறது? ஒவ்வொரு எண்ணுக்கும் பாத்தியில் நடக்கும் ஒரு விஷயத்தோடு தொடர்பு இருக்கிறது, அந்த எண்ணைப் பார்த்ததும் செய்ய வேண்டிய வேலையும் தெளிவாக இருக்கிறது. திருப்தி எண்ணுக்கு இந்த இரண்டும் இல்லை. 4.6 என்றால் யார் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வுகளில் பார்த்தவரை, இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் உருப்படியாகத் தெரிகின்றன.

ஒன்று, கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது. அமெரிக்காவில் 1995 முதல் வளர்ந்த கேப்ஸ் என்ற கணக்கெடுப்புமுறை இப்படித்தான் போகிறது. "டாக்டர் எப்படி?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாது. "டாக்டர் உங்களுக்குப் புரியும்படி எத்தனை முறை விளக்கினார்: எப்போதும், பெரும்பாலும், சில சமயம், ஒருபோதும் இல்லை?" என்று கேட்கும். நடந்ததைச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "மாத்திரை கிடைக்கல" என்பது அந்த அக்காவுக்கு டாக்டரைக் குறை சொல்வதாகப் படவில்லை, சட்டென்று சொல்லிவிட்டார்.

இரண்டு, ஒப்பிட ஒரு கதை கொடுப்பது. 2004-இல் கேரி கிங் குழு விளக்கிய முறை இது. அரசாங்க விஷயங்களில் உங்கள் பேச்சு எடுபடுமா என்று கேட்டபோது, மெக்சிகோவைவிடச் சீனாவில் அதிகம் பேர் எடுபடும் என்றார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே சிறு கதைகளைக் கொடுத்து, அந்தக் கதைமாந்தருக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த அளவுகோலை வைத்துச் சரிசெய்ததும் வரிசை தலைகீழானது. நமக்கும் இதைச் செய்யலாம். "ஒரு அம்மா தலைசுற்றல் என்று போனில் சொன்னார். டாக்டர் பிரஷர் பற்றிக் கேட்காமல் மாத்திரை எழுதினார். இந்தச் சேவைக்கு எத்தனை மார்க்?" இதற்கே ஒருவர் ஐந்து போட்டால், அவர் தன் டாக்டருக்குப் போட்ட ஐந்தின் எடை நமக்குத் தெரிந்துவிடும்.

மூன்று, உடனே கேட்காமல் ஒரு வாரம் கழித்துக் கேட்பது, அதுவும் சேவை தரும் ஆள் கேட்காமல் வேறொருவர் கேட்பது. அழைப்பு முடிந்த அந்த நிமிஷத்தில் அளக்க முடிவது பேச்சை மட்டும்தான். மருந்து கிடைத்ததா, குறைந்ததா என்பதெல்லாம் பிறகு நடப்பவை. கண் மையங்களில் ஆலோசனையும் பலனும் ஒரே இடத்தில் என்று மேலே சொன்னேன் அல்லவா? அங்கே உடனே கேட்டாலும் ஓரளவு அர்த்தம் இருக்கிறது. சீட்டு போனில் வந்து, மாத்திரை வேறெங்கோ தேட வேண்டிய இடத்தில் அர்த்தம் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. தொலைமருத்துவமும் அதுவும் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது நல்ல ஆய்வாக இருக்கும்.

நான்கு, விட்டுப்போனவர்களை எண்ணுவது. இதற்குக் கேள்வித்தாளே வேண்டாம். டோக்கன் எடுத்தவர் எத்தனை, டாக்டரைச் சேர்ந்தவர் எத்தனை, நடுவில் அறுந்தது எத்தனை என்பது எந்தச் சர்வரிலும் பதிவில் இருக்கும். திருப்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும்.

இதையெல்லாம் சேர்த்து, உப்பளப் பகுதிக்கு நான் கேள்வித்தாள் எழுதினால் இப்படி எழுதுவேன். "திருப்தி" என்ற சொல் இதில் கிடையாது.

1. போன் யாருடையது? பேசும்போது பக்கத்தில் யார் இருந்தாங்க?
2. அவங்க இருந்ததால சொல்லாம விட்டது ஏதாவது உண்டா?
3. டாக்டர் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க.
4. எழுதிக் கொடுத்த மருந்து கிடைச்சதா? எங்கே, எவ்வளவு செலவு?
5. ரத்தம், பிரஷர் பார்க்கச் சொன்னாங்களா? பார்த்தாச்சா?
6. இதுக்காக எத்தனை நேரம் வேலை போச்சு? நேர்ல போயிருந்தா எத்தனை நாள் போயிருக்கும்?
7. அதே தொந்தரவுக்கு மறுபடி எங்கேயாவது காட்டினீங்களா?

இரண்டாம் கேள்வியை முக்கியமாகக் கவனியுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும் ஒரு பெண் மகனுடைய போனில், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் என்ன சொல்ல முடியும்? "கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். டாக்டரும் கால் வலிக்குச் சரியாகவே மருந்து எழுதுவார். மூன்றாம் கேள்வி நோயாளிக்கு வைக்கும் பரீட்சை இல்லை. அவரால் சொல்ல முடியாவிட்டால், விளக்கியது போதவில்லை என்று பொருள். ஆறாம் கேள்வி தொலைமருத்துவத்துக்குச் சாதகமாக வரும் என்று நினைக்கிறேன். ஒரு நாள் கூலி மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை, அதற்கான பாராட்டு அதற்குக் கிடைக்கவே வேண்டும். ஏழாம் கேள்விதான் எனக்குப் பிடித்தது. வைத்தியத்தில் நம்பிக்கை இல்லாதவர் வாயால் குறை சொல்ல மாட்டார், பேசாமல் வேறு டாக்டரிடம் போய்விடுவார்.

மருத்துவக் கல்லூரிகளில் சமுதாய மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் செய்கிறார்கள். ஐம்பது பேரிடம் கேட்டாலும் போதும், ஆனால் அந்த ஐம்பது பேரும் போனை எடுத்தவர்களாக மட்டும் இருக்கக்கூடாது. சாயங்காலம், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, நேரில் போய்க் கேட்க வேண்டும். பெண்களிடம் பெண்கள் கேட்க வேண்டும். வருகிற எண் 95-ஆக இருக்காது. 60-ஆகவோ 45-ஆகவோ இருக்கலாம். அந்த எண்ணோடு சேர்ந்து, மருந்துக் கடையில் எந்த மாத்திரை இல்லை, எந்தத் தெருவில் சிக்னல் இல்லை, எத்தனை பேருக்குக் கிரியாட்டினின் பார்க்கவே இல்லை என்ற பட்டியலும் வரும். அந்தப் பட்டியலை வைத்து மறுநாளே வேலையைத் தொடங்கலாம்.